அத்தியாயம் 6: எழுபது வளைவுக் கணக்கு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, அந்த எண்களைச் சத்தம் போட்டுப் படித்தபடி மலை ஏறியிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன். கடினமான கேம்களில் ஏன் தோற்கிறோம் என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் பலகைகள்தான் நினைவுக்கு வந்தன.

தாவித் தாவிப் போகிற கேம் ஒன்றில் இதே மாதிரி 70 ஜம்ப் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே விழுந்தாலும் மறுபடி அடிவாரம். ஒவ்வொரு ஜம்ப்பையும் நூற்றுக்கு 99 முறை சரியாகப் போடுகிற ஆள் நீங்கள். ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 70 முறை பெருக்கிப் பாருங்கள், 0.495 வரும். பாதிக்கும் கொஞ்சம் குறைவு. நூற்றுக்கு 95 போடுகிறவருக்கு அது நூற்றில் மூன்றுகூட இல்லை. 90 போடுகிறவருக்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

தோற்றவர்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, "எனக்குக் கை வரல." இன்னொன்று, "கேம் ஏமாத்துது." மேலே உள்ள பெருக்கலைப் பார்த்தவர் இரண்டையும் சொல்ல மாட்டார். நன்றாக ஆடுகிறவரும் நீளமான ஸ்டேஜில் பெரும்பாலும் தோற்கத்தான் செய்வார். ‘இந்த ஸ்டேஜ் கஷ்டம்’ என்று மொத்தமாகப் பார்க்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். ஸ்டேஜ் என்பது தனித்தனி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தனி எண், தனி வாய்ப்பு.

டிவி கேம் காலம்

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த வகை கேம் அறிமுகமானது தொண்ணூறுகளில், ‘டிவி கேம்’ என்ற பெயரில். நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள் அவை. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே ஒரே கேம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ், அட்வென்ச்சர் ஐலண்ட் இருந்தால் போதும், தெருவே நம் வீட்டில் இருக்கும்.

அதில் சேவ் கிடையாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது படம் ஒருமுறை ஆடும், அவ்வளவுதான், ஆறாவது உலகத்தில் இருந்த மாரியோ முதல் ஸ்டேஜுக்கு வந்து நிற்பான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கரண்ட் போவதை ஜாய்ஸ்டிக்கால் தடுக்க முடியாது. தோல்விக்கான வாய்ப்பில் ஒரு பங்கு ஆட்டத்துக்கு வெளியே இருந்து வருகிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன். பிற்பாடு 2012-இல், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது, யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆடிய பையன்கள் கரண்ட் வந்த நிமிடத்திலேயே கடினமான ஸ்டேஜைத் தொடங்குவார்கள். எளிதான ஸ்டேஜ்களைக் கரண்ட் போகப்போகிற நேரத்துக்கு ஒதுக்குவார்கள். மிகச் சரியான முடிவு.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி, சேலத்துப் பெரியம்மா மகன் காட்டிக்கொடுத்த வழி. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மொத்தம் 32 ஸ்டேஜ். முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில், சுரங்கத்தின் கூரைமேல் ஏறி ஓடினால், வெளியேறும் குழாயைத் தாண்டி மூன்று குழாய்கள் இருக்கும். அதில் ஒன்று நேராக நான்காவது உலகத்துக்குப் போகும். நான்காம் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில் ஒளிந்திருக்கும் கொடியைப் பிடித்து ஏறினால் அங்கிருந்து எட்டாவது உலகம். இப்படிப் போனால் ஆட வேண்டியது எட்டே ஸ்டேஜ்.

லைஃப் கணக்கை விட்டுவிட்டு, ஒரு ஸ்டேஜுக்கு நூற்றுக்கு 80 என்று வைத்தால், 32 ஸ்டேஜும் முடிக்க ஆயிரத்தில் ஒன்றுகூட வாய்ப்பில்லை. எட்டு ஸ்டேஜுக்கு ஆறில் ஒன்று. கையின் திறமை அப்படியே இருக்கிறது, வளைவுகள்தான் குறைந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எட்டாவது உலகத்தில் பாதி வழிச் செக்பாயின்ட் கிடையாது. செத்தால் அந்த ஸ்டேஜின் ஆரம்பம்தான். குறுக்கு வழியில் வந்தவருக்கு இடையில் கிடைத்திருக்க வேண்டிய பழக்கமும் இருக்காது. அதனால் குறுக்கு வழியை எடுப்பவர் எட்டாம் உலகத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே கேம் ஓவர் ஆனால், முதல் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுங்கள். அந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடரலாம். இது தெரியாமல் எத்தனையோ மாலைகள் ஒன்று-ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

நோட்டு போடுங்கள்

இனி கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

போன வருடம் அக்கா மகன் ஜியோமெட்ரி டாஷில் ஒரு லெவலில் மாட்டிக்கொண்டான். 2013-இல் வந்த, விரலால் தொட்டால் தாவுகிற கேம். பாட்டோடு சேர்ந்து சதுரம் தானாக ஓடும். முள்ளில் பட்டால் முதலிலிருந்து. எத்தனையாவது முயற்சி, எத்தனை சதவீதம் வரை போனோம் என்பதை அதுவே காட்டிவிடும் என்பதால் கணக்கு பழக இதைவிட நல்ல கேம் இல்லை.

"93-ல செத்துட்டேன் மாமா. இன்னும் கொஞ்சந்தான்!"

"அந்த எடத்துக்கு இதுவரைக்கும் எத்தன தடவ வந்திருக்கே?"

"ஒரு அம்பது இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்து 50 முயற்சிகளுக்குக் கோடு போட்டேன். அவன் சாகும் இடங்கள் ஐந்துதான். 14 சதவீதத்தில் 6 முறை, 31-இல் 4 முறை, 58-இல் 26 முறை, 76-இல் 7 முறை, 93-இல் 7 முறை. ஐம்பது தடவை வந்ததாக அவன் நம்பிய இடத்துக்கு ஐம்பது முயற்சியில் ஏழே முறைதான் வந்திருந்தான். கிட்டத்தில் வந்து தோற்பது மனதில் ஆழமாகப் பதிகிறது. மனக்கணக்கை நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இங்கே பலர் செய்யும் தவறு, எங்கே அதிகம் செத்தோம் என்று மட்டும் பார்ப்பது. பார்க்க வேண்டியது, அந்த இடத்துக்கு வந்தது எத்தனை, தாண்டியது எத்தனை. 14-க்கு 50 முறை வந்தான், 44 முறை தாண்டினான், நூற்றுக்கு 88. 31-ஐ 44-க்கு 40 முறை, 91. 58-ஐ 40-க்கு 14; 35. 76-ஐ 14-க்கு 7, 50. கடைசி இடத்துக்கு 7 முறை வந்தான், ஒருமுறையும் தாண்டவில்லை.

அப்படியானால் கடைசி இடத்தின் வாய்ப்பு பூஜ்யமா? அப்படிச் சொல்ல ஏழு முயற்சி போதாது. பிரெஞ்சு கணித மேதை லாப்லாஸ் தந்த ஒரு வழி இங்கே உதவும்: தாண்டிய எண்ணோடு ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணோடு இரண்டைக் கூட்டு, பிறகு வகு. ஏழுக்குப் பூஜ்யம் என்பது ஒன்பதில் ஒன்று ஆகிறது. இதே வழி மறுபக்கமும் உதவும். பத்துக்குப் பத்து தாண்டிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவருக்கு அது பன்னிரண்டில் பதினொன்று என்றுதான் சொல்லும்.

இப்போது ஐந்தையும் பெருக்குங்கள். 450-இல் 7 வரும். அதாவது, முடிக்கச் சராசரியாக 64 முயற்சி.

எந்த வளைவைச் சரிசெய்தால் இந்த 64 நன்றாகக் குறையும்? அவனுக்கு எரிச்சல் தந்தது 14. ‘ஆரம்பத்துலயே செத்தா கடுப்பாவுது’ என்று அதையே பழகிக்கொண்டிருந்தான். அதை நூற்றுக்கு நூறு ஆக்கினாலும் 64 என்பது 57 ஆகத்தான் இறங்கும். 58-ஐ 35-லிருந்து 70-க்கு உயர்த்தினால் 32. கடைசி இடத்தைப் பாதிக்குப் பாதி ஆக்கினால் 14. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஏழே முயற்சி.

பெங்களூரிலிருந்து சேலம் வரும் லாரிக்காரர்களைக் கேளுங்கள். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அத்தனை நீளப் பாதையில் உயிரைக் கேட்கிற இடம் சில கிலோமீட்டர் மட்டுமே. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்வார் அனுபவசாலி. மற்ற இடங்களில் எவ்வளவு நன்றாக ஓட்டினோம் என்பது அங்கே கணக்கில் வராது. உங்கள் ஸ்டேஜின் தொப்பூர் எது என்பதைத்தான் நோட்டு காட்டுகிறது.

2010-இல் வந்த சூப்பர் மீட் பாய் என்ற கேம் இதைக் கண்ணாலேயே காட்டிவிடும். ஒரு ஸ்டேஜை முடித்ததும், அதுவரை நீங்கள் செய்த முயற்சிகளை எல்லாம் ஒரே திரையில் ஒன்றாக ஓடவிடும். நாற்பது சிவப்புப் பையன்கள் ஒன்றாகக் கிளம்பி, ஒரு ரம்பத்தில் இருபது பேர் காலியாவதைப் பார்த்தால் நோட்டே தேவையில்லை.

பின்னாலிருந்து பழகுங்கள்

கடைசி வளைவு ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது? உண்மையில் அது 58-ஐவிட எளிது. மூன்று முள், ஒரே ஜம்ப். ஆனால் ஐம்பது முயற்சியில் அவன் அதைப் பார்த்ததே ஏழு முறை. ஸ்டேஜின் ஆரம்பத்தை ஐம்பது முறை பழகியிருந்தான், முடிவை ஏழு முறை. முதலிலிருந்து ஆடிக்கொண்டே இருப்பவர் எல்லோருக்கும் இதுதான் நடக்கும்: ஏற்கெனவே தெரிந்த இடத்தில் பயிற்சி குவியும், தெரியாத இடத்துக்கு மிச்சம்தான் வரும்.

அதனால் தலைகீழாகப் போங்கள். ஜியோமெட்ரி டாஷில் பிராக்டிஸ் மோட் இருக்கிறது. செத்தால் போட்டுவைத்த செக்பாயின்டிலிருந்து வரும். 93-க்குச் சற்று முன்னால் ஒன்றைப் போட்டு அந்த மூன்று முள்ளை மட்டும் ஐம்பது முறை தாவச் சொன்னேன். கால் மணி நேரம் ஆகவில்லை. பிறகு 76-இலிருந்து கடைசி வரை. பிறகு 58-இலிருந்து. முன்னோக்கி ஓடும்போது அவன் போகிற இடம் எல்லாம் தெரிந்த இடமாக இருந்தது. புதிதாகப் பயப்பட அங்கே ஒன்றும் இல்லை.

பிராக்டிஸ் மோட் இல்லாத கேம்களில் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 2018-இல் வந்த செலஸ்ட், மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. மிகக் கடினமான கேம். அதிலேயே அசிஸ்ட் மோட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். எழுபது சதவீத வேகத்தில் ஓர் இடத்தின் தாளத்தைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டு, முழு வேகத்துக்குத் திரும்புங்கள். இதை ஏமாற்று வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு வாத்தியார் முதல் காலத்தில் சொல்லிக்கொடுக்காமல் மூன்றாம் காலத்திலா தொடங்குகிறார்? செத்த எண்ணிக்கையைப் பார்த்து வெட்கப்படாதே, அது கற்றுக்கொண்டதன் கணக்கு என்று அந்தக் கேமே ஓர் இடத்தில் ஆறுதல் சொல்லும். அதை வடிவமைத்தவர்கள் ஆடுகிறவர்மேல் வைத்த அன்பு எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது.

செக்பாயின்ட் எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு ஒரு கணக்கு. நூற்றுக்கு 90 போடுகிறவர் 30 ஜம்ப்பை இடைவெளியில்லாமல் கடக்க, சராசரியாக மொத்தம் 226 ஜம்ப் போட வேண்டியிருக்கும். பத்து ஜம்ப்புக்கு ஒரு செக்பாயின்ட் இருந்தால் 56 போதும். எனவே, ஓரமாக ஒரு நாணயமும் செக்பாயின்டும் எதிரெதிர் திசையில் இருந்தால், செக்பாயின்டுக்குப் போங்கள். செக்பாயின்டே இல்லாத கேம்களும் உண்டு. 2017-இல் வந்த கெட்டிங் ஓவர் இட் அப்படிப்பட்டது. கை தவறினால் மலையடிவாரம் வரைகூட விழலாம். அதைத் தொடங்கும் முன் அது அப்படித்தான் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அங்கேயும் நின்று மூச்சுவிட இடங்கள் உண்டு. அந்த இடங்களில் கட்டாயம் நிற்க வேண்டும். ஓட்டம் நன்றாகப் போகிறதே என்று நிற்காமல் போகிறவர்தான் விழுகிறார்.

விரலும் கருவியும்

சித்திரை, வைகாசியில் சேலத்து வீட்டுக்குள் ஃபேன் காற்றே சுடும். கட்டைவிரல் வியர்த்தால் தொடுதிரை ஒரு தொடுதலை விட்டுவிடும், அல்லது விரல் ஒட்டி இழுக்கும். ஃப்ரீ ஃபயர் ஆடும் பையன்கள் மாட்டிக்கொள்ளும் விரல் உறை இதற்கும் உதவும். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டு. போன் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜில் போட்டபடி ஆடினால் சீக்கிரம் சூடாகும். பேட்டரி சேவர் போட்டிருந்தால் படம் ஓடும் விதமே மாறிவிடும்.

நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. ப்ளூடூத் இயர்போனில் பாட்டு அதைப்போலப் பல மடங்கு தாமதமாக வரும். பாட்டைக் கேட்டுத் தாவுகிற கேமில் இது போதும் உங்களைக் கவிழ்க்க. வயர் போட்ட இயர்போன் வாங்குங்கள். டிவியில் ஆடுகிறவர்கள் படத்துக்கான செட்டிங்கில் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, விளிம்பு. சில கேம்களில் மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் சில படங்கள் வரை ஜம்ப் வேலை செய்யும். செலஸ்டில் இது உண்டு. சில பழைய கேம்களில் இல்லை. புதுக் கேம் ஒன்றைத் தொடங்கியதும், விழுந்தாலும் நஷ்டமில்லாத ஒரு மேடையைக் கண்டுபிடித்து, விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்துப் பத்து முறை தாவிப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சராசரி என்பது வாக்குறுதி அல்ல

அக்கா மகன் 58-ஐயும் 93-ஐயும் பழகி முடித்த பிறகு கணக்கு ஏழு முயற்சி என்று சொன்னது. பன்னிரண்டாவது முயற்சியிலும் செத்தான்.

"ஏழுன்னு சொன்னீங்களே மாமா?"

நியாயமான கேள்வி. ஏழில் ஒன்று என்ற வாய்ப்போடு ஏழு முறை ஆடினால், ஏழிலும் தோற்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. அதனால் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது சராசரியின் மூன்று மடங்கு. அவனுக்கு 21. அதற்குள் முடிந்துவிட நூற்றுக்குச் சுமார் 95 வாய்ப்பு உண்டு. எந்தச் சராசரிக்கும் இந்த மூன்று மடங்கு கிட்டத்தட்டப் பொருந்தும். மூன்று மடங்கு தாண்டியும் முடியவில்லையென்றால் உங்கள் மதிப்பீடு தவறாக இருக்கலாம். திரும்பவும் நோட்டெடுத்து ஐம்பது முயற்சிக்குக் கோடு போடுங்கள்.

‘இத்தனை தடவை செத்தாச்சு, அடுத்தது வந்தே தீரும்’ என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. முந்தைய முயற்சி எதையும் முள் ஞாபகம் வைத்திருப்பதில்லை. கைதான் ஞாபகம் வைத்திருக்கும், களைத்தும் போகும். பத்துப் பத்து முயற்சியாகப் பிரித்து எழுதினால் இது தெரியும். ஒரு பத்தைவிட அடுத்த பத்து மோசம், அதற்கடுத்த பத்து இன்னும் மோசம் என்றால் நிறுத்திவிடுங்கள். தூங்கி எழுந்தபின் விரல் வரிசைகள் முன்னைவிட நன்றாக வரும். இரவு பதினோரு மணிக்கு வராத இடம் காலையில் காபிக்கு முன்னால் வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசி வளைவில் கை நடுங்குவதற்கும் ஒரு வழி உண்டு. நடுக்கம், அந்த இடத்தில் ‘இது கடைசி’ என்று நினைப்பதால் வருகிறது. அக்கா மகனை 76-லிருந்தே எண்ணைச் சொல்லிக்கொண்டு ஆடச் சொன்னேன், பஸ்ஸில் பலகை படித்த மாதிரி. நாலு. அஞ்சு. அடுத்து வருவது அஞ்சாவது வளைவு, அவ்வளவே. பதினெட்டாவது முயற்சியில் முடித்தான். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசல் வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தான்.

மறுநாளே இன்னும் கடினமான அடுத்த லெவலோடு வந்தான். இந்த முறை நோட்டை அவனே எடுத்தான். ஐம்பது கோடு போட்டுப் பெருக்கியதில் சராசரி 150 முயற்சி. மூன்று மடங்கு 450. முயற்சிக்கு 40 நொடி என்று வைத்தால் ஐந்து மணி நேரம். திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு தொடங்கவிருந்தது. அந்தப் பக்கத்தின் மேலே ‘பரீட்சை முடிஞ்ச சனிக்கிழமை, கடைசி வளைவிலிருந்து’ என்று எழுதி, நோட்டைக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்தான்.